பொருந்தினால் அதுதான் சரி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. நான் உங்கள் முன்னாள் கணவரின் இரண்டாவது மனைவி. அவர் ஜனவரி கடைசியில் இறந்துவிட்டார். யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சொல்லாவிட்டால், இப்படிக் காகிதத்தில் தெரிய நேர்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் பழைய ஃபோன் எண்ணில் யாரோ ஒருவர் எடுத்து என்னைத் திட்டிவிட்டு வைத்தார். அதனால் விவாகரத்துக் காகிதத்தில் இருந்த முகவரிக்கு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வீட்டின் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர் பாதி கட்டிய நிலையில் கிடக்கிறது. நீங்கள் முதன்முதலில் கட்டிய அதே மிஷின். போன வருடம் அதன் பவர் சப்ளை புகைந்து நின்றுவிட்டது. பழைய மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் புதிதாகப் போடலாம் என்று அவர் ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினார். கட்டுவதற்குள் படுத்துவிட்டார்.

எனக்கு அந்த டிஸ்க் திறக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த போர்டோடு சேர்ந்தால் மட்டும் திறக்கும்படி அவர் பூட்டி வைத்திருக்கிறார். வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் வாயைத் திறக்காதாம். கடையில் கேட்டேன், "போர்டு ரொம்பப் பழசும்மா, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் சொன்னது வேறு. "கடைக்காரன் கையில கொடுக்காதே. அவளைக் கேளு. அந்த மிஷினைக் கட்டினவ அவதான்."

அதில் என்ன இருக்கிறது என்று தயவு செய்து இப்போது கேட்காதீர்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாதவள் நான். நீங்கள் சொல்லச் சொல்லச் செய்வேன்.

இப்படிக்கு,
உங்களுக்குத் தெரியாத தங்கை


மார்ச் 12

உனக்கு,

எனக்குத் தங்கை கிடையாது. என் அம்மா ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். ஆகவே அக்கா என்ற சொல்லை இந்தக் கடிதத்தோடு கழற்றி வைத்துவிடு.

அவன் இறந்தது தெரியும். கேள்விப்பட்ட அன்று எனக்கு வேலை அதிகம். நான் இப்போது ஒரு சர்வீஸ் சென்டரில் இருக்கிறேன். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் பவர் சப்ளைகளைச் சோதிப்பது வேலை. ஒரு நாளைக்கு நாற்பது. அன்று நாற்பத்து மூன்று பார்த்தேன். அழுதேனா என்று நீ கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் பதில் கிடையாது.

உதவி செய்கிறேன். உனக்காக இல்லை. அந்த போர்டை நான் தேர்ந்தெடுத்தேன், பதினோரு கடை ஏறி இறங்கி வாங்கினேன். அதைக் குப்பையில் போடச் சொன்ன கடைக்காரன் மேல் உள்ள கடுப்பில் செய்கிறேன் என்று வைத்துக்கொள்.

மூன்று நிபந்தனை. ஒன்று, ஃபோன் கிடையாது. உன் குரல் எனக்கு வேண்டாம். காகிதம் என்றால் படிக்கலாம், பிடிக்கவில்லை என்றால் கிழிக்கலாம். இரண்டு, சொன்னதை மட்டும் செய். மூன்று, வேலை முடிந்ததும் எழுதக் கூடாது. நன்றி, வாழ்த்து, ஒப்பாரி எதுவும் வேண்டாம்.

பெட்டிகளின் மேல் என்ன அச்சடித்திருக்கிறதோ அதை ஓர் எழுத்து விடாமல் எழுதி அனுப்பு. "கறுப்புக் கலரில் ஒரு பெட்டி" என்று எழுதினால் பதில் வராது. ஸ்க்ரூ எந்தப் பொருளையும் ரசீது இல்லாமல் வாங்க மாட்டான், அந்த ஒரு நல்ல பழக்கம் இருந்தது. நான் அவனை ஸ்க்ரூ என்றுதான் கூப்பிடுவேன். ஏன் என்று அவனோடு குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரிந்திருக்கும்.


மார்ச் 19

வணக்கம்.

அக்காவைக் கழற்றிவிட்டேன்.

ஏன் ஸ்க்ரூ என்று தெரியும். சட்டைப் பையில் எப்போதும் நாலு ஸ்க்ரூ இருக்கும். துணி துவைக்கும்போது மிஷினுக்குள் கடகடவென்று ஓடும். நான் ஒரு சின்னக் கிண்ணம் வைத்து அதில் போட்டு வைப்பேன். அவர் போன பிறகு ஒரு சட்டையைத் துவைத்தபோது இரண்டு வந்தது. அவற்றை இந்த மிஷினில் மாட்டலாமா என்று கேட்க நினைத்தேன், கேட்டுவிட்டேன்.

நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறேன். டோக்கன் கொடுப்பது, பெயர் கூப்பிடுவது. எழுத்தைப் பார்த்து எழுதுவது எனக்குப் பழக்கம்தான். தனித்தாளில் ஏழு பொருளையும் எழுதியிருக்கிறேன். கேபினெட், பவர் சப்ளை, ராம் இரண்டு, கூலர், ஃபேன் இரண்டு. பவர் சப்ளைக்கு மட்டும் பெட்டி இல்லை. யாரோ நண்பரிடம் வாங்கினாராம். அதன் வயிற்றில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறேன், கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் சேர்த்து.

இவற்றில் ஒன்றும் எனக்குப் புரியவில்லை. ஆனால் தினம் வேலையிலிருந்து வந்ததும் பின்னறையில் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். ராம் என்பது கையில் வைத்தால் சூயிங்கம் பாக்கெட் அளவுதான் இருக்கிறது. இதற்காகவா அவர் கடை கடையாய் அலைந்தார் என்று ஆச்சரியமாக இருந்தது.


மார்ச் 28

பட்டியல் சுத்தமாக இருந்தது. டோக்கன்காரிக்குக் கை நன்றாகத்தான் ஓடுகிறது.

ராமைத் திருப்பிக் கொடு. அது இப்போதைய தலைமுறை. என் போர்டு அதற்கு முந்தையது. ஸ்லாட்டில் நடுவே இருக்கும் மேடும் ராமில் இருக்கும் வெட்டும் ஒன்றோடொன்று சேராது. அவன் இதைக்கூடப் பார்க்காமல் வாங்கியிருக்கிறான் என்றால் அப்போதே உடம்பு சரியில்லாமல் இருந்திருக்க வேண்டும். நீ கவனித்திருக்க மாட்டாய். எதை வாங்க வேண்டும் என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கடைக்காரன் "இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்று உன் காதில் பூ சுற்றுவான். எழுந்து வந்துவிடு.

ப்ராசஸர் மேல் உட்காரும் கூலரையும் மாற்று. நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர் உயரம். நீ வைத்திருக்கும் கேபினெட்டில் நூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் மூடி மூடாது. குட்டையான ஒன்றின் பெயர் எழுதியிருக்கிறேன். கேபினெட் பரவாயில்லை. பவர் சப்ளை எனக்கு நன்றாகத் தெரிந்த மாடல், மாதத்துக்கு இருபது பீஸாவது என் மேசைக்கு வரும். நல்ல உடம்பு. பயப்படாமல் வைத்துக்கொள்.

இனி கட்டுவது. கேபினெட்டுக்குள் போர்டு நேராக உட்காரக் கூடாது, கீழே பித்தளைக் கால்கள் ஒன்பது முடுக்க வேண்டும். விட்டால் போர்டு கருகும். ப்ராசஸர் மேல் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து கிடக்கும், ஸ்பிரிட் தொட்ட துணியால் துடை. புதியதை மிளகு அளவு வை. இட்டு மெழுகாதே. ராமை இரண்டு பக்கமும் கட்டை விரலால் அழுத்து, டக் என்று சத்தம் வர வேண்டும். தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் இரும்புக் குழாயைத் தொட்டு, உடம்பில் இருக்கும் நிலை மின்சாரத்தை இறக்கிவிட்டு வா. அவன் பையில் இருந்த ஸ்க்ரூக்களை மாட்டலாம். எல்லாம் ஒரே மரைதான்.

பயந்து சாகாதே. கட்டுகிற எல்லோருக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் ஒரே விதி இது: கம்ப்யூட்டரில் தப்பான இடத்தில் எதுவும் நுழையாது. பொருந்தினால் அதுதான் சரி. பொருந்தாவிட்டால் அமுக்காதே. மனிதர்களைவிட நாணயமான சாமான்.

டிஸ்க்கில் என்ன என்று கேட்கக் கூடாதாம். கேட்காமலே தெரிகிறது. உங்கள் கல்யாண வீடியோ, டூர் போன வீடியோ, அவன் உனக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடும் வீடியோ. எப்போதும் சுருதி சேராமல்தான் பாடுவான், அதை ஒரு கடிதம் எழுதித் திறந்து கேட்க வேண்டுமா? கேட்டுக்கொள். எனக்கென்ன.


ஏப்ரல் 5

வணக்கம்.

ராம் மாற்றிவிட்டேன். நீங்கள் சொன்னபடியே கடைக்காரர், "ரெண்டும் ஒண்ணுதாங்க, சும்மா கொஞ்சம் பழைய மாடல், அவ்ளோதான்" என்றார். நான் வாசல் வரைக்கும் நடந்தேன். பின்னாலேயே கூப்பிட்டுச் சரியானதைக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கடையில் ஜெயித்தேன்.

பித்தளைக் கால் ஒன்பதும் முடுக்கியாகிவிட்டது. போர்டு உட்கார்ந்துவிட்டது. கேபினெட் தகடு விரலைக் கிழித்தது, மூன்று நாள் டோக்கனில் பிளாஸ்திரியோடுதான் எழுதினேன். ராமை அழுத்தியபோது டக் என்ற சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று, கழற்றி இன்னொரு முறை மாட்டினேன். அது தப்பா?

இப்போது ஒரு இடத்தில் நிற்கிறேன். பவர் சப்ளையில் போர்டுக்குப் போகும் வயர்கள் எல்லாம் உடம்போடு ஒட்டியே வந்திருக்கின்றன, அவற்றை மாட்டிவிட்டேன். டிஸ்க்குக்குப் போகும் வயர் மட்டும் இல்லை. அதற்கான ஓட்டை காலியாக இருக்கிறது. அந்த நண்பரைக் கேட்டேன், தொலைந்துவிட்டது என்கிறார். கடைகளில் அதைத் தனியாக விற்பதில்லையாம். உங்களிடம் இருக்குமா?

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். டிஸ்க்கில் எங்கள் கல்யாண வீடியோ இல்லை. எங்களுக்குக் கல்யாண வீடியோவே கிடையாது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார், நானும் போய்விட்டேன். அப்புறம், அவருக்கு உடம்பு சரியில்லை என்பதை நான் கவனித்தேன். அவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

பழைய கேபினெட்டைக் காயலான் கடைக்குப் போடும்முன் துடைத்தேன். உள் தகட்டில், கீழே, பென்சிலில் கோணல்மாணலாக 'குண்டூசி' என்று எழுதியிருக்கிறது. அந்தத் தகட்டை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு வேண்டுமானால் அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் நான் எழுதியதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.


ஏப்ரல் 15

அந்தப் பெயரை உன் பேனாவால் எழுத உனக்கு யார் உரிமை கொடுத்தது?

குண்டூசி என் மகள். ஒல்லியாக இருந்ததால் அந்தப் பெயர். மிஷினைக் கட்டும்போது கேபினெட்டுக்குள் தலையை விட்டு எழுதினாள். அப்போது அவளுக்கு ஐந்து. ஆறில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் அவள் பக்கத்தை விட்டு நான் நகரவில்லை. பத்தாம் நாள் நர்ஸ், "ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்கம்மா, நல்லாத்தானே பேசிட்டிருக்கா" என்று அனுப்பினாள். குளித்துவிட்டு வந்தேன். என் பெண் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. மறுநாள் முடிந்தது. நான் தலை துவட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கடைசியாக என்ன பேசினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனைக் கேட்டேன். "ஒண்ணும் பேசலை" என்றான்.

மிச்சமிருந்தது வீடியோக்கள். இரண்டு மாதம் அவற்றைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். சாப்பிடவில்லை, வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் வந்து, "டிஸ்க் போயிடுச்சு" என்றான். ஊரார் டிஸ்க்கையெல்லாம் இரண்டு நகல் எடுத்து வைப்பவன். பல்பொடி விற்கிறவனின் கணக்குக்குக்கூட நகல் எடுப்பான். பெற்ற பெண்ணுக்கு எடுக்கவில்லை. அதற்காகத்தான் அவனை விட்டேன், வேறு எதற்காகவும் இல்லை. என் டிஸ்க் போன அன்று எனக்கு யாரும் கடிதம் எழுதவில்லை. ஒரு தங்கையும் முளைக்கவில்லை.

உன்னுடையதை மட்டும் பூட்டுப் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறான் பார். போர்டோடு சேர்த்து! எனக்கு வயிறு எரிகிறது, மறைக்கவில்லை. அவர் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஒரு மனிதன் கண்ணெதிரே கரைகிறான், நீ அவனுக்கும் ஒரு டோக்கன் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்திருப்பாய், முறை வரட்டும் என்று.

தகட்டை அனுப்பு. அது என்னுடையது.

கேபிள் கேட்டாய். வீட்டை விட்டு வந்தபோது ஒரு பை கேபிள் எடுத்து வந்தேன். பரணில் இருந்தது. அதிலிருந்து ஒன்று எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு முனை பவர் சப்ளையின் ஓட்டையில், மறுமுனை டிஸ்க்கில். விதி உனக்குத் தெரியும். மாட்டு, பட்டனை அழுத்து. வேலை முடிந்தது. இனி எழுதாதே.


ஏப்ரல் 22

அக்கா,

ஒரே ஒரு முறை இப்படி எழுதிக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். டோக்கன் பற்றி எழுதியது வலித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் மகளைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு என் வலி சின்னதாகிவிட்டது.

கேபிள் வந்தது. மாட்டிப் பார்த்தேன், அப்படியே பொருந்துகிறது, இரண்டு பக்கமும். இன்னும் பட்டனை அழுத்தவில்லை. மே 4 ஞாயிறு, கிளினிக் விடுமுறை, அன்று காலை பத்து மணிக்கு அழுத்துவேன். அதுவரை காத்திருக்கிறேன். நீங்கள் எதையாவது சொல்ல விட்டிருந்தால் ஃபோன் பண்ணுங்கள். என் எண் கீழே இருக்கிறது. குரல் வேண்டாம் என்றால் ஒரு குறுஞ்செய்தி போதும்.

டிஸ்க்கைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதே சொல்லிவிடலாமா என்று நான்கு முறை எழுதி நான்கு முறை கிழித்தேன். அதற்குள் இருப்பது நல்லபடியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நல்ல செய்தியாக எழுதுவேன். அதற்கு மட்டும் உங்கள் மூன்றாவது நிபந்தனையை மீற அனுமதி கொடுங்கள்.

தகடு இத்துடன் வருகிறது. எழுத்து அழியாமல் இருக்க மேலே மெல்லிய தாள் ஒட்டியிருக்கிறேன்.


மே 19

உங்களுக்கு,

ஃபோன் வரவில்லை. பத்து மணிக்கு அழுத்துவேன் என்றவள் பதினொன்றரை வரை ஃபோனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு அழுத்தினேன்.

ஃபேன் சுற்றியது. போர்டில் விளக்கு எரிந்தது. நான் கட்டியது ஓடுகிறது என்று கை தட்டினேன், சத்தியமாகத் தட்டினேன். அப்போதுதான் டிஸ்க் இருந்த மூலையில் 'டிப்' என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் கருகும் வாசம். பிளக்கைப் பிடுங்கினேன். டிஸ்க்கின் அடிப்பக்கம் கறுத்திருந்தது.

எல்லாவற்றையும் துணியில் சுற்றிக்கொண்டு அதே கடைக்கு ஓடினேன். அவர் கேபிளைக் கையில் எடுத்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, இது வேற கம்பெனி பவர் சப்ளையோட கேபிளும்மா. ஓட்டை ஒண்ணுதான். உள்ள வயர் வரிசை வேற. அஞ்சு வோல்ட் போற இடத்துல பன்னிரண்டு போயிருக்கு. பொருந்தும், ஆனா கொளுத்திடும். இந்த ஒண்ணுலதான் எல்லாரும் ஏமாறுவாங்க. யாரும்மா கொடுத்தாங்க, விவரம் தெரியாதவங்களா?"

ஒரு நாளைக்கு நாற்பது பவர் சப்ளை பார்க்கிறவர் கொடுத்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து உங்கள் பழைய கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். பித்தளைக் கால், மிளகளவு பேஸ்ட், இரும்புக் குழாய், பத்து மில்லிமீட்டர் வித்தியாசம். ஒன்றுகூட விடவில்லை நீங்கள். என் பவர் சப்ளையின் ஸ்டிக்கரை நான் பொடி எழுத்து உட்பட எழுதி அனுப்பியிருந்தேன். நன்றாகத் தெரிந்த மாடல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தகவல் மீட்டுத் தருகிறோம் என்று வாசலில் பெயர்ப்பலகை மாட்டிய மூன்று இடங்களில் டிஸ்க்கைக் காட்டினேன். மூன்று பேரும் கை விரித்துவிட்டார்கள். உள்ளே வரைக்கும் கருகிவிட்டதாம். அதற்குத்தான் இரண்டு வாரம் ஆயிற்று.

இப்போது அதில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். பார்த்த பிறகு சொல்வதாகத்தான் சத்தியம். பார்க்க இனி ஒன்றும் இல்லை.

அதில் உங்கள் மகள் இருந்தாள். அது உங்கள் டிஸ்க். அன்று அது போகவில்லை. நீங்கள் சாப்பிடாமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்து செத்துப் போவீர்கள் என்று பயந்து அவர் கழற்றி ஒளித்து வைத்தார். கொஞ்ச நாள் கழித்துக் கொடுக்கலாம் என்று நினைத்தாராம். அதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ள அவருக்குத் தைரியம் வரவில்லை. ஒன்பது வருடம் வரவில்லை. கோழைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். யாரும் தொட்டு அழித்துவிடக் கூடாது என்று பூட்டு மட்டும் போட்டு வைத்தார். நகல் எடுக்க வேண்டுமானால் திறக்க வேண்டும், திறந்தால் பார்க்க வேண்டும், பார்க்க முடியவில்லை என்றார்.

ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார்: "அவகிட்ட கொடுத்துடு. ஆனா முதல்ல திறந்து பாரு. உள்ள ஒண்ணும் இல்லேன்னா அவகிட்ட சொல்லவே சொல்லாதே. ஒரே பொண்ணை ரெண்டு தடவை பறிகொடுக்க வைக்காதே." அதனால்தான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசி வீடியோ நீங்கள் குளிக்கப் போன அந்த ஒரு மணி நேரத்தில் எடுத்தது. அவர் ஃபோனில் எடுத்து, டிஸ்க்கை ஒளித்து வைத்த பிறகு அதில் போட்டு வைத்தார்; அந்த ஃபோன் இப்போது இல்லை. அவள் உங்களுக்குத்தான் பேசினாளாம். "அம்மா வந்ததும் காட்டுப்பா" என்று சொல்லி அவரை எடுக்க வைத்தாளாம். அதை நீங்கள் பார்த்தால் தாங்க மாட்டீர்கள் என்று, ஒன்றும் பேசவில்லை என்று சொல்லிவிட்டார்.

கருகிய டிஸ்க்கையும் உங்கள் கேபிளையும் இத்துடன் அனுப்புகிறேன். இரண்டும் உங்களுடையது.


மே 27

அம்மா, தாயே, உன்னை எப்படிக் கூப்பிடுவது,

நீ அனுப்பிய டிஸ்க்கை மாட்டிப் பார்த்தேன். எங்கள் மேசையில் வைத்து, அதே மாடல் டிஸ்க் ஒன்றை உடைத்து, அதன் அடியில் இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டைக் கழற்றி இதில் மாற்றிப் பார்த்தேன். சூப்பர்வைசர் என்ன செய்கிறாய் என்று கேட்டார். டிஸ்க்கிலிருந்து சத்தமே வரவில்லை. ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை.

உன்னிடம் பொய் சொல்லி இனி என்ன ஆகப் போகிறது. அந்த மாடலுக்கான சரியான கேபிள் எங்கள் டப்பாவில் பன்னிரண்டு கிடக்கிறது. கை நீட்டினால் எட்டும் தூரம். ஒன்றை எடுத்துக் கவரில் போட்டேன். பிறகு வெளியே எடுத்தேன். வீட்டுக்கு வந்து பரண் ஏறி அந்தப் பையைப் பிரித்தேன். தெரிந்துதான் செய்தேன். உனக்கு அவன் இருந்தான், வீடு இருந்தது, போன பிறகும் பார்க்க ஒரு டிஸ்க் இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் நாள் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு உன் எண்ணை அழுத்தி வைத்திருந்தேன். பச்சைப் பட்டனை மட்டும் தொடவில்லை. பதினொன்றரை வரை காத்திருந்தாயாமே. எனக்குத் தெரியாது. பத்துக்கே எல்லாம் முடிந்திருக்கும் என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

என்னைத் திட்டு. போலீசுக்குப் போ, எங்கள் ஆபீசுக்கு எழுது, எதை வேண்டுமானாலும் செய். டோக்கன் என்று எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவன் உன்னிடம் சொல்லியிருப்பான். அவனுக்கு ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தத் தெரியாது. அவள் என்ன பேசினாள் என்று சொல்லியிருப்பான். அதை மட்டும் எழுது. ஃபோனில் வேண்டுமானாலும் சொல். என் எண் கீழே இருக்கிறது, எந்த நேரமும் எடுப்பேன். நேரில் வரச் சொன்னால் வருகிறேன், வாசலில் நிற்கிறேன், உள்ளே கூப்பிட வேண்டாம்.

தங்கச்சி, உன் காலில் விழுகிறேன்.

அக்கா


ஜூன் 9

வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்களுக்குத் தங்கை கிடையாது என்று மார்ச் மாதமே எழுதியிருக்கிறீர்கள். ஃபோன் வேண்டாம் என்பதும், வேலை முடிந்தால் எழுதக் கூடாது என்பதும் நீங்கள் போட்ட நிபந்தனைகள்தான். வேலை முடிந்துவிட்டது. ஒரு பதிலுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால் இந்த ஒரு கடிதம்.

நான் போலீசுக்குப் போகவில்லை. உங்கள் ஆபீசுக்கும் எழுத மாட்டேன். கம்ப்யூட்டருக்கு ஒரு புது டிஸ்க் போட்டுவிட்டேன், இந்த முறை கேபிளை நானே விசாரித்து வாங்கினேன். நன்றாக ஓடுகிறது. நன்றாகச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

நீங்கள் நினைத்தது சரி. அவர் சொன்னார். இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், இரண்டு முறை சொன்னார். உங்கள் மகள் சொன்னது மொத்தம் ஐந்து வார்த்தை. முதல் வார்த்தை 'அம்மா'. அதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். மீதி நான்கையும் உங்களால் ஊகிக்க முடியாது. என்னாலும் முடிந்திருக்காது.

இன்று காலை பல் விளக்கும்போது சொல்லிப் பார்த்தேன். நான்கும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு மறதி கொஞ்சம் அதிகம்தான், கிளினிக்கில் எல்லாவற்றையும் எழுதி வைத்துத்தான் சமாளிக்கிறேன். இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. நகல் எதுவும் எடுக்கவில்லை.